திரும்பி வராத பிரதி

நான் வேலை பார்த்த இதழுக்கு மாதத்தில் இரண்டு முக்கியமான நாட்கள் உண்டு. ஒன்று, புத்தகம் தபாலில் போகிற நாள். இன்னொன்று, போன புத்தகங்களில் கொஞ்சம் திரும்பி வருகிற நாள். முதல் நாளில் ஆசிரியர் எல்லோருக்கும் வடையும் காப்பியும் வாங்கித் தருவார். இரண்டாவது நாளில் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். திரும்பி வந்ததைப் பார்க்க அவருக்கு மனசு தாங்காதாம். எனக்கு மட்டும் தாங்குமாக்கும்!

மலேசியாவில், சுங்கை பட்டாணியில் ஒரு ஜெப மண்டபத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் எங்கள் அலுவலகம். எழுபதுகளின் நடுவில் நான் அங்கே சேர்ந்தேன். கெடா மாநில ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காகப் பதினாறு பக்கத்தில் ஒரு மாத இதழ். வாங்கியவர்களில் பாதிப் பேர் இந்துக்கள். தோட்டத்தில் தமிழில் அச்சாகி எது வந்தாலும் ஜனங்கள் விடமாட்டார்கள். ஜெபமோ கதையோ, கடைசிப் பக்கத்தில் இருமல் மருந்து விளம்பரமோ, எல்லாவற்றையும் எழுத்து விடாமல் படிப்பார்கள்.

என் பொறுப்பு முகவரிகள். ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அட்டை. தோட்டவாரியாக மரப்பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தேன். பழுப்புத் தாளைப் பட்டையாக வெட்டி, முகவரி எழுதி, புத்தகத்தைச் சுற்றி மரவள்ளி மாவுப் பசையால் ஒட்டுவேன். பசை வாசனைக்கு எறும்பு வரும். என் விரல்களுக்கு நடுவில் எப்போதும் அந்தப் பசை காய்ந்து கிடக்கும்.

திரும்பி வருகிற பிரதிகள் கயிறு கட்டிய கட்டாக வரும். உறையின் மேல் தபால்காரரோ தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணியோ காரணம் எழுதியிருப்பார். பெரும்பாலும் ஒரே வார்த்தைதான்: ‘பிண்டா’. மலாயில் இடம் மாறிவிட்டார் என்று அர்த்தம். சில வருடங்களில் கையெழுத்தைப் பார்த்தே எந்த ஊர் ‘பிண்டா’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். கூலிம் ஆள் அவசரத்தில் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார். கூருண் ஆள் பள்ளிப்பிள்ளை மாதிரி அழகாக எழுதிக் கீழே கோடும் போடுவார். ‘என்ன கோடு வேண்டிக்கிடக்கு!’ என்று நான் திட்டாத மாதம் இல்லை.

மூன்று முறை திரும்பினால் நிறுத்திவிட வேண்டும் என்பது ஆசிரியரின் சட்டம். அட்டையைப் பெட்டியிலிருந்து உருவி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டுவிடுவேன். டின்னுக்குள் போனவருக்கு அப்புறம் புத்தகம் கிடையாது. சிலர் சும்மா இருக்க மாட்டார்கள். ‘நான் பிறந்ததிலிருந்து இதே லயத்தில்தான் குடியிருக்கிறேன், என்னைக் காணோம் என்று எந்த மடையன் சொன்னான்?’ என்று கடுதாசி போடுவார்கள். புதிய கிராணிக்கு ஆள் தெரிந்திருக்காது, திருப்பியிருப்பார். நான் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு அட்டையை வெளியே எடுப்பேன். இதையெல்லாம் நான் அன்றைக்குச் சிரித்துக்கொண்டுதான் செய்தேன்.

அந்த மரப்பெட்டிகளில் ஒரே ஓர் அட்டை மட்டும் ஆசிரியருக்குத் தெரியாமல் நான் வைத்தது. அது என் அக்காவுடையது.

எங்கள் அப்பா தோட்டத்து டிரஸ்ஸர். முப்பது வருடம் புண்ணுக்கு மருந்து கட்டி, காய்ச்சலுக்குக் கொய்னா கொடுத்து, ஓய்வு பெற்றதும் திகாம் பத்துவில் ரோட்டோரமாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு வந்தவர். வந்த முதல் வருடமே அக்கா போய்விட்டாள். பழைய தோட்டத்தில் ரப்பர் பால் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவரோடு கூலிமில் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் இந்து. கூலி ஆட்களின் வரிசை வீட்டில், லயத்தில், வளர்ந்த பிள்ளை. டிரஸ்ஸர் மகள் லயத்துக்குப் போவதா? இந்த இரண்டில் அப்பாவை எது அதிகமாகச் சுட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவள் வீட்டை விட்டுப் போன அதே மாதத்தில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, அப்பா பெயருக்கு. நல்லவேளையாக அன்று அப்பா வெளியே போயிருந்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அடுப்படியில் நின்று மூன்று தடவை படித்துக் காட்டினேன். கரங்கானுக்கு உள்ளே ஒரு தோட்டம், லயத்து எண் எல்லாம் எழுதியிருந்தாள். அம்மா அதை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்தாள். நான்கு நாளில் அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

அடுப்பில் போட்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டுப் பைபிளை மேசையில் வைத்தார்.

"கைய வை. லெட்டர் எழுத மாட்டேன், ஆள் அனுப்ப மாட்டேன், போயிப் பாக்க மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். பத்தொன்பது வயது எனக்கு. அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மறுவருடம் இதழில் வேலைக்குச் சேர்ந்து அட்டைப் பெட்டிகளைப் பார்த்தபோதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. அப்பா வாங்கின சத்தியத்தில் லெட்டர் இருந்தது, ஆள் இருந்தது, புத்தகம் இல்லை! அன்றைக்கே, மனப்பாடமாகியிருந்த அந்த முகவரியோடு அக்கா பெயருக்கு ஓர் அட்டை எழுதி, மூலையில் ‘இலவசம்’ என்று போட்டுக் கரங்கான் பெட்டிக்குள் சொருகினேன். புத்தகத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் இரண்டு வரி எழுதினேன். ‘அம்மா நல்லா இருக்கு. உன்னத்தான் நெனைச்சிக்கிட்டு இருக்கு.’ பைபிளுக்கு இதுவும் தப்புதானோ என்று ஒரு நாள் முழுக்கப் பயந்தேன். மறுநாள் பயம் போய்விட்டது.

அந்த மாதம் திரும்பி வந்த கட்டை அவசரமாகப் பிரித்தேன். ஒவ்வோர் உறையாகப் புரட்டினேன். அக்காவுடையது இல்லை. இன்னொரு தடவை புரட்டினேன். இல்லவே இல்லை. அப்படியென்றால் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் அங்கே இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள்.

சாயங்காலம் அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்.

"திரும்பி வரலம்மா."

"ஸ்தோத்திரம்," என்றாள் அம்மா.

அதற்கப்புறம் மாதாமாதம் இதுதான் எங்கள் பேச்சு. நான் "திரும்பி வரலம்மா" என்பேன், அம்மா "ஸ்தோத்திரம்" என்பாள். அப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஒன்றும் கேட்காது. பென்சில் வரிகளில் நான் எல்லாவற்றையும் எழுதினேன். அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தது, வீட்டுப் பின்னால் வாழை குலை தள்ளியது, அப்பா பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிக்காகச் சண்டை போட்டது, எனக்கு வந்த மாப்பிள்ளை பேச்சு முறிந்தது. ஆறு வருடம் எழுதினேன். அக்காவிடமிருந்து ஒரு வரி பதில் வந்ததில்லை.

"எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதாடி அவ?" என்று அம்மா சில நாள் கேட்பாள்.

"அப்பாவுக்குப் பயந்துக்கிட்டு இருப்பாம்மா."

"எம் பேருக்குப் போடலாமே. அவருக்கா போடச் சொன்னேன்?"

நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஆறாவது வருடம் அம்மா படுத்தாள். வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே மூடித் தைத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். அப்பாவுக்கு அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மருந்துப் புட்டிகளை ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்து, பழைய பழக்கப்படி வெள்ளைத் தாள் ஒட்டி, இங்கிலீஷ் எழுத்தில் மலாயில் எழுதினார்: ஒன்றில் ‘பாகி’, காலைக்கு, இன்னொன்றில் ‘பெத்தாங்’, சாயங்காலத்துக்கு. அப்பாவின் ‘P’ தனி மாதிரி. வயிறு பெருத்து, கால் நீண்டு, கோட்டுக்குக் கீழே இறங்கிப் பின்பக்கமாக ஒரு கொக்கி போடும். தோட்டத்தில் அந்தக் கொக்கியைப் பார்த்துத்தான் ஜனங்கள் மருந்து குடித்தார்கள்.

"பெரியவளப் பாக்கணும்," என்றாள் அம்மா. அதற்கு முன்பு அவள் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. அப்பா இல்லாத நேரம் பார்த்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அந்த மாதப் புத்தகத்தில் பென்சிலை அழுத்தி எழுதினேன்: ‘அம்மாவுக்கு ரொம்ப முடியல. உடனே வா. அப்பாவ நான் பாத்துக்குறேன்.’ பிரதி போனது. திரும்பி வரவில்லை. அக்காவும் வரவில்லை.

வாசலில் பஸ் நிற்கிற சத்தம் கேட்டால் அம்மா கண்ணைத் திறப்பாள். சுங்கை பட்டாணிக்கும் அலோர் ஸ்டாருக்கும் போகிற பஸ் எல்லாம் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும். ஒரு நாளில் எத்தனை தடவைதான் திறப்பாள்?

அடுத்த மாதம் இன்னும் பெரிதாக எழுதினேன்: ‘அம்மா சாகப் போகுது. உன்னக் கேக்குது.’ அதுவும் போனது. அதுவும் திரும்பி வரவில்லை. கட்டை மூன்று தடவை பிரித்துப் பார்த்தேன். இந்தத் தடவை அது திரும்பி வந்திருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு. வந்திருந்தால் அவள் அங்கே இல்லை என்றாவது மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வராததால் எனக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் பட்டது: படித்திருக்கிறாள். படித்துவிட்டும் வரவில்லை.

"கல்நெஞ்சக்காரி!" என்று வாய்விட்டுக் கத்தினேன். ஆசிரியர் அன்று குடையோடு வெளியே போயிருந்தது நல்லதாகப் போயிற்று. பெற்ற தாய் செத்துக்கொண்டிருக்கிறாள், இரண்டு பஸ் ஏறி வர இவளுக்கு என்ன கேடு? கரங்கான் பெட்டியைத் திறந்து அவள் அட்டையை உருவினேன். ஒரு தடவைகூடத் திரும்பி வராத அட்டை அது. சட்டப்படி அதை நிறுத்த எனக்கு உரிமையே இல்லை. டின்னைத் திறந்து உள்ளே எறிந்தேன். சாயங்காலம் அம்மாவிடம் போய் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

நானே நேரில் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இத்தனை வருடமாக நானும் என்னை அதைத்தான் கேட்கிறேன். சத்தியம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வீம்பு. கூப்பிட்டும் வராதவள் வாசலில் நான் போய் நிற்பதா என்ற வீம்பு. அந்த வீம்புக்கு ஒரு மாதம் செலவழித்தேன். அம்மாவிடம் இருந்ததே கொஞ்ச நாள்.

அடுத்த மாதக் கடைசியில் அலுவலகத்துக்கு ஒரு கடுதாசி வந்தது. நீலத் தாள், பள்ளி நோட்டில் எழுதுகிற மாதிரி உருண்டையான கையெழுத்து. வழக்கமான புகார்தான் என்று நினைத்துப் பிரித்தேன். அக்காவின் தோட்டம். அக்காவின் லயம்.

‘ஐயா, எங்கள் லயத்துக்கு இந்த மாசம் புத்தகம் வரவில்லை. ஏன் நிறுத்தினீர்கள்? எங்களுக்கு வேறு புத்தகம் கிடையாது. இந்தப் பேருக்குத்தான் வரும். அந்த அக்கா இங்கே இல்லை. லயத்தை விட்டுப் போய் ஆறு வருசம் ஆகிறது. புத்தகத்தை நாங்கள்தான் வாங்கிப் படிக்கிறோம். மேலும், ஓரத்தில் பென்சிலில் எழுதுகிறவரின் அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? தயவுசெய்து எழுதவும்.’

நான் நாற்காலியில் உட்கார்ந்தேனா, தரையில் உட்கார்ந்தேனா, ஞாபகம் இல்லை. ஆசிரியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. கடுதாசியை வாங்கிப் படித்தார். அட்டை விவரம் பூராவும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை.

"நாளைக்கி வேலைக்கு வராதம்மா. போய்த் தேடு," என்றார்.

மறுநாள் விடிந்ததும் அப்பாவிடம் அலுவலக வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கூலிமுக்கு ஒரு பஸ், அங்கிருந்து கரங்கானுக்கு ஒரு பஸ், அதற்கப்புறம் செம்மண் ரோட்டில் ஒரு வாடகைக் கார். ரப்பர் மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வழி முழுக்கக் கட்டைகள் எரிந்து கிடந்தன. ‘ஆண்டவரே, அம்மாவ ரெண்டு நாள் வச்சிரு, ரெண்டே நாள்’ என்று உதடு ஓயாமல் முணுமுணுத்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா எனக்கு ஒரு கடலைப் பொட்டலம் கொடுத்தார்.

கடுதாசி எழுதியவளுக்கு என் வயதுதான் இருக்கும். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கையில் பால் கறை. நான் யார் என்று சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பென்சிலு நீங்களாக்கா?"

"ஆமா. எங்கக்கா எங்க?"

"உள்ள வாங்க. தண்ணி குடிங்க மொதல்ல."

"தண்ணி வேணாம்மா. எங்கக்கா எங்கன்னு சொல்லு."

"அவங்க போன அடுத்த மாசம்தாங்க்கா உங்க பொஸ்தகம் மொத மொதல்ல வந்திச்சு."

ஒரு பிரதிகூட, ஒன்றே ஒன்றுகூட, அக்கா கைக்குப் போகவில்லை.

"அப்பறம் ஏன் திருப்பி அனுப்பல? இல்லன்னு சொல்ல வேண்டியதுதான?" என்று கத்திவிட்டேன்.

அவள் மிரண்டுபோனாள். பிறகு நிதானமாக விளக்கினாள். தோட்டத்துத் தபால் வீட்டுக்கு வராது. விடிகாலையில் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, பேர் கூப்பிட்டு முடித்ததும் கிராணி தபாலில் உள்ள பெயர்களைக் கூப்பிடுவார். யார் கை தூக்குகிறார்களோ அவர்கள் கையில் கொடுத்துவிடுவார். ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் தூக்குவார், உறவுக்காரர் தூக்குவார்.

"யாரும் தூக்கலன்னா திருப்பிருவாரு. தமிழ் பொஸ்தகத்த யாருக்கா திருப்பி அனுப்புவா? அதான் நான் கைய தூக்குனேன். ஞாயித்துக்கெழம நான்தான் எல்லாருக்கும் படிச்சிக் காட்டுவேன். கடைசியில உங்க பென்சிலு."

நான் தோட்டத்தில்தான் பிறந்து வளர்ந்தேன். ஆனால் டிரஸ்ஸர் வீட்டுத் தபாலை ஆபீஸிலிருந்து ஆள் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவான். பதினெட்டு வருடம் தோட்டத்தில் இருந்துவிட்டு, ஒரு நாள்கூடப் பெரட்டில் நின்று பார்க்காதவள் நான். திரும்பி வராத பிரதிக்கு ‘அக்கா இருக்கிறாள்’ என்று எனக்கு நானே ஓர் அர்த்தம் எழுதிக்கொண்டு, அம்மாவையும் ஆறு வருடம் ஸ்தோத்திரம் சொல்ல வைத்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"கண்ணு ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சப்ப நாங்க எல்லாம் சந்தோசப்பட்டோம் தெரியுமா," என்றாள் ஒருத்தி. "இப்ப முடியலன்னு எழுதுனதும் மாரியம்மனுக்கு வெளக்கு போட்டோம்."

எங்கள் வீட்டுக் கதை முழுவதும் அந்த லயத்துக்கே தெரிந்திருந்தது, தெரிய வேண்டியவளைத் தவிர. அவர்கள் மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. கோபப்படவும் என்ன இருந்தது? அவர்கள் விளக்காவது போட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் தம்பிக்கு அக்கா வீட்டுக்காரரைத் தெரிந்திருந்தது. பண்டார் பாருவில் செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டுகிறார், ஆலை வீடுகளில்தான் குடியிருப்பு என்றாள். காத்திருந்த சீனக் கார்க்காரரிடம் கேட்டேன். இளம் பெண்களை அவர்கள் ‘மொய்’ என்பார்கள். "தூரம் லா, மொய்," என்று முனகிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் கிளப்பிவிட்டார்.

அக்கா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பிழிந்த துணி மறுபடியும் வாளிக்குள் விழுந்தது.

"நீயா? எப்படி? எங்கேருந்துடி வர்ற? நீங்கல்லாம் இப்ப எந்த ஊருல இருக்கீங்க?"

"எந்த ஊருலயா? திகாம் பத்துலதான். வேற எங்க?"

"வீட்ட வித்துட்டுப் போகலியா?"

"யாரு வித்தா? என்னக்கா பேசுற நீ? அம்மா சாகக் கெடக்குது!"

அவள் உள்ளே போனாள். அலமாரியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து வந்து, அதிலிருந்து மூன்று உறைகளைப் பாயில் வைத்தாள். பண்டார் பாருவுக்கு வந்த புதிதில் அவள் எழுதியவை. மூன்றிலும் அம்மாவின் முழுப் பெயர். எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாத பெயர் அது. அம்மாவை எல்லாரும் டிரஸ்ஸர் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தபால்காரருக்குக்கூட அப்படித்தான் தெரியும். பகல் பதினொரு மணிக்குத் தபால் வரும்போது நான் வேலையில் இருப்பேன், அம்மா பின்கட்டில் இருப்பாள், அப்பா வாசலில் சாய்வு நாற்காலியில் இருப்பார்.

மூன்று உறைகளிலும் குறுக்காக, சிவப்பு மையில், ‘பிண்டா’.

ஆயிரம் ‘பிண்டா’ பார்த்தவள் நான். யார் எழுதியது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. முதல் எழுத்தான ‘P’: பெருத்த வயிறு, நீண்ட கால், கீழே இறங்கிப் பின்பக்கம் வளைகிற கொக்கி. அன்று காலையில் அதே எழுத்தைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு மருந்து ஊற்றிவிட்டு வந்திருந்தேன்.

"அப்பா எழுத்துக்கா," என்றேன்.

"தெரியலியேடி எனக்கு. போஸ்ட் ஆபீசுல எழுதுனதுன்னுல்ல நெனச்சேன்." அவள் உறையை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இத்தனை வருடம் பார்த்ததுதான். அப்போதுதான் அவளுக்குக் கண் தெரிந்தது. "ஒரு தடவ எங்க வீட்டுக்காரரு அக்கா வீட்டுக்கு அலோர் ஸ்டார் போனோம். பஸ்ஸு நம்ம வீட்டத் தாண்டித்தான் போச்சு. கொடியில அம்மா சீல மாதிரியே ஒண்ணு காஞ்சிச்சு. யாரு சீலையோன்னு நெனச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்டி. எறங்கல."

அப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். அன்று திரும்பிப் போகப் பஸ் இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அவளும் நானும் கிளம்பினோம். அந்தத் துணிப்பையை அவள் வழி முழுக்க மடியில் வைத்திருந்தாள். நான் மனதுக்குள் அப்பாவைக் கேட்க வேண்டிய கேள்விகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். உறைகளை அவர் முகத்தில் எறிய வேண்டும். அம்மா முன்னாலேயே எறிய வேண்டும்.

அம்மா இருந்தாள். ஸ்தோத்திரம், இருந்தாள். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கரண்டியில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் கரண்டி ஆடி, மருந்து போர்வையில் சிந்தியது. அவர் எங்களைத் தடுக்கவில்லை. ஒதுங்கி ஜன்னலோரமாகப் போய் நின்றார்.

அக்கா குனிந்து அம்மா முகத்தோடு முகம் வைத்தாள். அம்மா வெகுநேரம் அவளைத் தடவித் தடவிப் பார்த்தாள். காதைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள். பிறகு கேட்டாள்.

"ஒரு வரிகூட எழுதலியேடி எனக்கு."

பை அக்காவின் தோளில் தொங்கியது. நான் அதன் வாயைப் பார்த்தேன். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பாவின் கையில் இன்னும் அந்தப் புட்டி இருந்தது. நான் பைக்குக் கை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"எழுதலம்மா," என்றாள். "தப்பு என்னோடதுதான். மன்னிச்சிரும்மா."

"போவுது போ," என்றாள் அம்மா. "வந்துட்டல்ல."

நான்காவது நாள் அம்மா போய்விட்டாள். மூத்தவள் தன்னை மறந்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டே போனாள். அந்த நான்கு நாளில் உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ நேரம் இருந்தது. படிக்கத் தெரிந்தவள் நான், உறைகள் கையெட்டும் தூரத்தில் இருந்தன. அக்கா வேண்டாம் என்றாள் என்பதற்காக நானும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அம்மா அப்பாவின் கையால் மருந்து குடிக்காமலே போயிருப்பாள் என்று அக்கா பயந்தாள். அது சரியா தப்பா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

சவப்பெட்டியை மூடுகிற நேரம் போதகர் பாட்டை நிறுத்தினார். அக்கா முன்னால் வந்து, பையைத் திறந்து, அந்த மூன்று உறைகளையும் எடுத்து அம்மாவின் கைக்குக் கீழே வைத்தாள், எழுத்து மேலே தெரிகிற மாதிரி. அப்பா பார்த்தார். சிவப்பு மை அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. எடுத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். கையை நீட்டினார். அப்புறம் இழுத்துக்கொண்டு, மூடச் சொன்னார்.